ஆர்.எஃப்.ஐ.டி. கிட் வாங்கப் போறீங்களா? விலையைப் பார்க்கும் முன் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

மலேசிய டோல் சாவடிகளில் கட்டணம் செலுத்த மூன்று வழிகளைப் பார்த்திருப்பீர்கள். டச் அண்ட் கோ அட்டையை ரீடருக்கு மிக அருகில் காட்ட வேண்டும். கண்ணாடியில் ஒட்டிய ஆர்.எஃப்.ஐ.டி. ஸ்டிக்கர் என்றால், சில மீட்டர் தூரத்திலேயே ரீடர் படித்துவிடும். பழைய ஸ்மார்ட் டேக் கருவியோ வானொலி அலையே இல்லாமல், அகச்சிவப்புக் கதிரில் இயங்குகிறது.

அட்டை, ஸ்டிக்கர் இரண்டுமே ஆர்.எஃப்.ஐ.டி. தொழில்நுட்பம்தான். ஆனால் அட்டையைப் படிக்கும் ரீடரால் ஸ்டிக்கரைப் படிக்க முடியாது. முதல் முறையாக கிட் வாங்கும் மாணவர்கள் பலர் தடுமாறுவது இங்கேதான்.

ஆயர் ஈத்தாமையே எடுத்துக்கொள்வோம். பக்கத்தில் பாரிட் ராஜாவில் துன் ஹுசேன் ஓன் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஊரில் பீங்கான், மண்பாண்டத் தொழில் பெயர் பெற்றது. ஒரு மாணவர் தன் இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கு, பாண்டங்களைக் கணக்கெடுக்கும் கருவி செய்ய நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் எந்த கிட் வாங்கணும்?

'கிட்' என்பதில் என்ன இருக்கும்?

எவால்யுவேஷன் கிட் என்பது ஒரு சிப் நம் வேலைக்கு ஒத்துவருமா என்று சோதித்துப் பார்ப்பதற்கானது. ரீடர் போர்டு, ஆன்டெனா, சில மாதிரி டேக்குகள், கணினியில் ஓடும் மென்பொருள் ஆகியவை பொதுவாக இருக்கும். டெவலப்மெண்ட் கிட் அதற்கு அடுத்த படி. நீங்களே கோட் எழுதி, உங்கள் கருவியை உருவாக்குவதற்குத் தேவையான லைப்ரரிகளும் இணைப்புகளும் அதில் இருக்கும். பல நிறுவனங்கள் இரண்டையும் ஒரே பெட்டியில் விற்கின்றன.

1. எவ்வளவு தூரத்திலிருந்து படிக்கணும்?

முதலில் முடிவு செய்ய வேண்டியது இதுதான். தூரம் தெரிந்தால் அலைவரிசை தெரிந்துவிடும்.

125 முதல் 134 கிலோஹெர்ட்ஸ்: சில சென்டிமீட்டர். கால்நடைகளின் அடையாள டேக், பழைய கதவு அட்டைகள்.

13.56 மெகாஹெர்ட்ஸ்: பெரும்பாலும் சில சென்டிமீட்டர். டச் அண்ட் கோ அட்டை, கைப்பேசியின் என்.எஃப்.சி., நூலகப் புத்தகங்கள்.

860 முதல் 960 மெகாஹெர்ட்ஸ் (யு.எச்.எஃப்.): சில மீட்டர். டோல் ஸ்டிக்கர், கிடங்குகள், துணிக்கடைகள்.

மாணவர்கள் அதிகம் வாங்குவது ஆர்.சி.522 போர்டு. 20 ரிங்கிட்டுக்கும் குறைவாகவே கிடைக்கும். அர்டுயினோவுடன் இணைப்பது சுலபம். ஆனால் மின்சாரம் 3.3 வோல்ட்தான் கொடுக்கணும். 13.56 மெகாஹெர்ட்ஸில்கூட எல்லா டேக்கையும் அது படிக்காது. நூலகப் புத்தகங்களில் பரவலாக உள்ள ஐ.எஸ்.ஓ. 15693 டேக்கை வைத்தால் பேசாமல் இருக்கும். போர்டு பழுது என்று நினைத்துவிடக் கூடாது. அது வேறு நெறிமுறை, அவ்வளவுதான்.

ஓர் அலமாரி முழுக்க உள்ள பாண்டங்களை ஒரே நேரத்தில் எண்ணணும் என்றால் யு.எச்.எஃப். கிட்தான் வேண்டும். எம்6இ நேனோ சிப் உள்ள போர்டுகள் நொடிக்கு 150 டேக்குகள் வரை படிக்கும் என்று சொல்லப்படுகிறது. போர்டிலேயே உள்ள சிறு ஆன்டெனாவில் அரை மீட்டர் அளவுதான் கிடைக்கும். வெளி ஆன்டெனா போட்டால்தான் மீட்டர் கணக்கில் போகும். அதற்குத் தனிச் செலவு, யு.எஸ்.பி.யைவிட வலுவான பவர் சப்ளையும் தேவை.

2. டேக் எதன் மீது ஒட்டப்படும்?

யு.எச்.எஃப். அலைகளைத் தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும், உலோகம் திருப்பி அனுப்பிவிடும். ஈரமான களிமண்மீது ஒட்டிய டேக் சரியாகப் படிக்காமல் போகலாம். சூளை வெப்பம் 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது சாதாரண டேக் எரிந்தே போகும். ஆகவே பாண்டம் சூளையிலிருந்து வந்து ஆறிய பிறகுதான் டேக் ஒட்ட முடியும்.

டோலிலும் இதே சிக்கல் உண்டு. உலோகப் பூச்சுள்ள டின்ட் கண்ணாடி என்றால், ஸ்டிக்கரை முன்விளக்கில் ஒட்டச் சொல்வது இதனால்தான். 2022 ஜனவரி 15 அன்று பிளஸ் நெடுஞ்சாலையில் ஜூரு முதல் ஸ்கூடாய் வரை ஆர்.எஃப்.ஐ.டி. பாதைகள் திறக்கப்பட்டபோது, சில வாகனங்களின் டேக் படிக்கப்படாமல் நெரிசல் ஏற்பட்டது நினைவிருக்கலாம். மேசையில் வேலை செய்யும் கருவி, களத்தில் அப்படியே வேலை செய்யும் என்று சொல்ல முடியாது.

3. எந்த நாட்டுக்காகச் செய்த ரீடர்?

இணையத்தில் வாங்குபவர்கள் அதிகம் கவனிக்காத கேள்வி இது. யு.எச்.எஃப். டேக் உலகம் முழுக்க வேலை செய்யும், ஆனால் ரீடர் அப்படியல்ல. மலேசியாவில் இதற்கு ஒதுக்கப்பட்டது 919 முதல் 923 மெகாஹெர்ட்ஸ். அமெரிக்காவில் 902 முதல் 928. ஐரோப்பாவில் பரவலாக இருப்பது 865 முதல் 868. இந்தியாவின் ஃபாஸ்டேக்கும் 865-ஐ ஒட்டியே இயங்குகிறது.

அமெரிக்க அமைப்பில் ஓடும் ரீடரை இங்கே போட்டால், கைப்பேசிச் சேவைக்கு உரிய அலைவரிசைக்குள் அது புகுந்துவிடும். ஐரோப்பாவுக்கு மட்டும் செய்த ரீடரோ இங்குள்ள அலைவரிசைக்கு வரவே வராது. வாங்கும் முன் 'ரீஜன்' அமைப்பில் மலேசியா அல்லது 919-923 இருக்கிறதா என்று பாருங்கள். கருவியை விற்பனைக்குக் கொண்டுவரும் எண்ணம் இருந்தால், சிரிம் சான்றிதழும் தேவைப்படும்.

4. யாராவது நகல் எடுத்தால் என்ன ஆகும்?

மைஃபேர் கிளாசிக் அட்டையின் குறியாக்கத்தை ஆய்வாளர்கள் 2008-லேயே உடைத்துக் காட்டிவிட்டார்கள். ஆனாலும் மலிவான கிட்களுடன் வரும் மாதிரி அட்டை பெரும்பாலும் அதுதான். அட்டையின் எண்ணை மட்டும் பார்த்துக் கதவு திறக்கும் கருவியை, நகல் அட்டையை வைத்தே ஏமாற்றலாம். பாண்டங்களை எண்ண இது பிரச்சினை இல்லை. வருகைப்பதிவு, பணம், கதவுப் பூட்டு என்றால் டெஸ்ஃபயர் போன்ற பாதுகாப்பான அட்டைகளோடு பேசும் கிட்டைத் தேர்ந்தெடுங்கள்.

எங்கே தொடங்குவது?

உங்கள் ஆண்ட்ராய்ட் கைப்பேசியில் என்.எஃப்.சி. இருந்தால், 13.56 மெகாஹெர்ட்ஸ் சோதனைக்குக் காசே செலவழிக்க வேண்டாம். இலவசச் செயலி ஒன்றே போதும், டேக்கின் வகையைச் சொல்லிவிடும்.

யு.எச்.எஃப். வேண்டும் என்றால், கல்லூரி ஆய்வகத்தில் ரீடர் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். இரண்டு மூன்று வகை டேக்குகளை மட்டும் வாங்கி, உண்மையான பாண்டத்தில் ஒட்டி, உண்மையான அலமாரியில் வைத்துப் படித்துப் பாருங்கள். சில ரிங்கிட்டில் முடியும் அந்தச் சோதனைக்குப் பிறகு கிட்டுக்குப் பெரிய தொகை செலவழிக்கலாமா என்று முடிவு செய்யலாம்.