300 கிலோமீட்டர் மிதித்துப் போகலாமா?

பள்ளிக்கு மணியடிக்க ஐந்தே நிமிடம் இருக்கும்போது சைக்கிளை எப்படி மிதிப்பீர்கள்? சீட்டை விட்டு எழுந்து, தலையைக் குனிந்து, மூச்சு வாங்க மிதிப்பீர்கள் அல்லவா? ஐந்து நிமிடத்திற்கு அது சரி. ஆனால் 300 கிலோமீட்டருக்கு?

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அப்படி ஒரு பயணம் ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதத்தில் நடக்கிறது. 'பான்-மாஸ் சேலஞ்ச்' என்பது அதன் பெயர். பில்லி ஸ்டார் என்பவரின் தாய் 1974-ஆம் ஆண்டில் புற்றுநோயால் இறந்தார். அவர் நினைவாக மகன் 1980-இல் இதைத் தொடங்கினார். முதல் ஆண்டில் சைக்கிள் ஓட்டியவர்கள் 36 பேர். திரட்டிய நன்கொடை 10,200 டாலர். 2024-ஆம் ஆண்டுடன் மொத்தத் தொகை 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. பணம் பாஸ்டன் நகரிலுள்ள டானா-ஃபார்பர் புற்றுநோய் நிறுவனத்திற்குப் போகிறது. ஸ்டர்பிரிட்ஜ் என்ற ஊரில் தொடங்கி, கடலோரத்திலுள்ள பிராவின்ஸ்டவுன் வரை செல்லும் நீண்ட வழி ஏறக்குறைய 300 கிலோமீட்டர்; இரண்டு நாள் பயணம்.

இது பந்தயமல்ல. இருந்தாலும் வேகமாகப் போக யாருக்குத்தான் ஆசை இருக்காது? நீங்களும் அதில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகத்திற்கு என்ன விலை கொடுக்க வேண்டும் என்று கணக்குப் பார்ப்போம்.

காற்று என்னும் சுவர்

சமதரையில் சைக்கிளைத் தடுப்பவை முக்கியமாக இரண்டு. ஒன்று, டயர் உருளும்போது ஏற்படும் தடை. இது வேகத்தோடு அதிகம் மாறுவதில்லை. மற்றொன்று காற்றின் தடை. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகிறது. அதே நேரத்தில் கடக்கும் தூரமும் இரண்டு மடங்கு. ஆகவே காற்றை வெல்ல மட்டும் ஒவ்வொரு விநாடியும் நீங்கள் செய்ய வேண்டிய வேலை 4 × 2 = 8 மடங்காகிறது!

ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்று கொள்வோம். காற்று வீசாத சமதரையில், இரு தடைகளையும் வெல்லத் தேவையான திறன் ஏறக்குறைய இவ்வளவு:

மணிக்கு 20 கி.மீ. – 60 வாட்
மணிக்கு 30 கி.மீ. – 155 வாட்
மணிக்கு 40 கி.மீ. – 330 வாட்

60 வாட் என்பது ஒரு பழைய குண்டு பல்பு எரியத் தேவையான மின்திறன். 330 வாட்டைப் பயிற்சி பெற்ற வீரர்களே நெடுநேரம் தாங்குவது கடினம்.

வயிற்றிலிருந்து சக்கரத்திற்கு

160 கிலோமீட்டரை மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் கடக்க 8 மணி நேரம் ஆகும். 30 கி.மீ. வேகத்தில் 5 மணி 20 நிமிடம் போதும். ஆனால் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்குதான் மிதியடிக்குப் போய்ச் சேருகிறது, மீதி வெப்பமாகிறது. இதையும் சேர்த்துக் கணக்கிட்டால், மெதுவாகப் போனவருக்குச் சுமார் 1,650 கிலோ கலோரி செலவு. வேகமாகப் போனவருக்குச் சுமார் 2,850.

நம் தசைகளிலும் ஈரலிலும் கிளைக்கோஜன் என்ற மாவுப்பொருள் சேமிப்பாக இருக்கிறது. அதன் அளவு ஏறக்குறைய 400 முதல் 500 கிராம்; அதிலிருந்து கிடைப்பது 1,600 முதல் 2,000 கிலோ கலோரி. மெதுவாக மிதிக்கும்போது உடல் கொழுப்பையும் கணிசமாக எரிக்கிறது. சேமிப்பு மெதுவாகக் கரைகிறது. வேகம் கூடக் கூட கிளைக்கோஜனின் பங்கு கூடுகிறது. அது தீர்ந்துவிட்டால் கால்கள் ஈயக்குண்டு போலக் கனக்கும், தலை கிறுகிறுக்கும். அதனால்தான் அனுபவசாலிகள் பசிக்கும் வரை காத்திருப்பதில்லை. வாழைப்பழமோ ரொட்டியோ, வழி நெடுகச் சிறிது சிறிதாகச் சாப்பிட்டுக்கொண்டே போகிறார்கள்.

ஒரு வேடிக்கைக் கணக்கு

நீங்கள் முதல் 80 கிலோமீட்டரை ஆவேசமாக 40 கி.மீ. வேகத்தில் ஓட்டுகிறீர்கள். களைத்துப்போய் அடுத்த 80-ஐ 20 கி.மீ. வேகத்தில் ஓட்டுகிறீர்கள். சராசரி வேகம் 30 என்று நினைத்தீர்களானால் தவறு! முதல் பாதிக்கு 2 மணி. அடுத்த பாதிக்கு 4 மணி. ஆறு மணி நேரத்தில் 160 கி.மீ.; சராசரி 26.7 தான்.

உங்கள் நண்பர் தொடக்கம் முதல் இறுதி வரை 26.7 கி.மீ. வேகத்திலேயே வருகிறார். அவருக்குத் தேவை 115 வாட். ஆறு மணி நேரத்திற்கு 690 வாட்-மணி. உங்கள் செலவோ 330 × 2 + 60 × 4 = 900 வாட்-மணி! இருவரும் ஒரே நேரத்தில்தான் வந்து சேருகிறீர்கள். நீங்கள் மட்டும் 30 சதவீதம் அதிகமாக உழைத்திருக்கிறீர்கள். நெடும்பயணத்தில் வேகமாகப் போகும் இரகசியம் இதுதான்: வேகத்தைச் சீராக வைத்திருப்பது.

முன்னால் போகிறவரின் நிழலில்

இன்னொரு வழியும் உண்டு. முன்னால் செல்பவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறார். அவருக்கு நெருங்கிப் பின்னால் சென்றால் காற்றின் தடை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும். முறை மாற்றி முன்னால் போனால் எல்லோருக்கும் இலாபம்.

ஆனால் இதில் ஆபத்தும் இருக்கிறது. மணிக்கு 30 கி.மீ. என்றால் விநாடிக்கு 8.3 மீட்டர். முன்னவர் திடீரென்று நின்றால், உங்கள் கை பிரேக்கைப் பிடிப்பதற்கு அரை விநாடி ஆனாலும் 4 மீட்டர் போய்விடுவீர்கள். இடைவெளியோ ஒரு மீட்டர்! அறிமுகமில்லாத பலர் சேர்ந்து போகும் பயணத்தில் ஒருவர் விழுந்தால் அவரோடு நிற்காது. பின்னால் வருபவர்களும் விழுவார்கள். ஆகவே பழக்கமில்லாதவர்கள் ஒட்டிப் போகாமல் இருப்பதே நல்லது. தலைக்கவசம் கட்டாயம்.

எதற்காக இந்தப் பயணம்?

1948-ஆம் ஆண்டில் பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர் ஒரு செய்தியை வெளியிட்டார். இரத்தப் புற்றுநோய் கண்ட 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்ததில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. அதுவரை அந்த நோய்க்கு மருந்தே இல்லை. அந்த மருந்தை உருவாக்கிய ஆய்வுக் குழுவின் தலைவர் யார் தெரியுமா? நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்ரகட சுப்பாராவ்! ஃபார்பர் தொடங்கிய பணியின் வளர்ச்சிதான் இன்றைய டானா-ஃபார்பர் நிறுவனம்.

எட்டு மணி நேரத்தில் வந்தாலும் ஐந்து மணி நேரத்தில் வந்தாலும் நோயுற்ற குழந்தைக்குப் போகும் பணம் ஒன்றுதான். நீங்கள் பத்திரமாக வந்து சேர வேண்டும். அடுத்த ஆண்டும் வர வேண்டும்.

நீங்களே செய்து பாருங்கள்: போக்குவரத்தில்லாத மைதானத்தில் ஒரே தூரத்தை இரு முறை ஓட்டுங்கள். முதலில் விரைந்து தொடங்கிக் களைத்து முடியுங்கள். நன்றாக ஓய்வெடுத்த பிறகு சீராக ஓட்டுங்கள். இரண்டு முறையும் ஆன நேரத்தையும், முடித்தவுடன் நாடித் துடிப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். மேலே போட்ட கணக்கு சரிதானா என்பதை உங்கள் நாடியே சொல்லும்.