கையைப் பிடித்த காலமும் கையெழுத்துக் கேட்கும் காலமும்

ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களின் கையில் அந்த வட்டத் தழும்பை இன்றும் பார்க்கலாம். பெரியம்மைக்குத் தடுப்பாக அம்மை குத்திய அடையாளம் அது. தோலில் அம்மைப்பால் என்ற தடுப்பு மருந்தைத் தடவி, அதன்மேல் பொடிப் பற்கள் வைத்த வட்டக் கருவியை அழுத்தித் திருகுவார்கள். அந்தப் பால் கன்றுகளின் உடம்பில் வளர்த்து எடுக்கப்பட்டது. 1899-இல் தொடங்கிய கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அதைத் தயாரித்து ஊர் ஊராக அனுப்பியது. குத்திய இடம் பழுத்துப் பொருக்குத் தட்டி உதிர வாரக்கணக்கில் ஆகும். காய்ச்சலும் வரும்.

அம்மை குத்துகிறவர் தெருமுனையில் தென்பட்டதும் பிள்ளைகளைக் குதிருக்குள் ஒளித்து வைத்த கதை பல வீடுகளில் உண்டு. அறியாமை என்று அதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆத்தா வந்திருக்கிறாள் என்று வாசலில் வேப்பிலை செருகிய வீட்டுக்கு அரசாங்கத்தின் ஆள் வந்து பிள்ளையின் கையைப் பிடித்தார். எதற்கு என்று உட்கார்ந்து சொன்னவர்கள் குறைவு. சட்டம் அவர் பக்கம் இருந்தது. 1880-ஆம் ஆண்டின் தடுப்பூசிச் சட்டம் நகராட்சிகளில் குழந்தைகளுக்கு அம்மை குத்துவதைக் கட்டாயமாக்க வழி செய்தது. 1939-இல் வந்த சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் அரசின் கையை மேலும் வலுப்படுத்தியது.

பெரியம்மை வந்த பத்துப் பேரில் மூன்று பேர் செத்தார்கள். பிழைத்தவர்களில் பலர் பார்வையை இழந்தார்கள். அந்த அவசரத்தை மறந்துவிட்டுக் கட்டாயத்தை மட்டும் குறை சொல்வது நேர்மையாகாது. ஒழிப்புப் பணியின் கடைசிக் கட்டத்தில், எழுபதுகளின் நடுவில், பீகார் பக்கம் இரவில் கதவை உடைத்து உள்ளே போய்ப் பிடித்து வைத்து ஊசி போட்டதும் நடந்தது. 1975 மே மாதத்துடன் இந்தியாவில் பெரியம்மை முடிந்தது. உயிர்கள் பிழைத்தன, கதவுகளும் உடைந்தன. இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும்.

எதிர்த்தவர்கள் எல்லோரும் படிக்காதவர்கள் அல்லர். காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியைத் தயாரிக்க 1948-இல் கிண்டியிலேயே ஆய்வகம் அமைந்தது. ஆரோக்கியமான குழந்தைகளுக்குக் கூட்டம் கூட்டமாக அந்த ஊசியைப் போடுவதை எதிர்த்து 1955-இல் புத்தகமே வெளியிட்டார் ராஜாஜி. முதலமைச்சர் நாற்காலியை விட்டு இறங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது. பிறகு 1968-இல் செங்கல்பட்டில் தொடங்கிய பெரிய ஆய்வு, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை இந்த ஊசி தடுக்கவில்லை என்று காட்டியது. ஆனால் குழந்தைகளுக்கு வரும் மூளைக் காசநோய் போன்ற கொடிய வகைகளிலிருந்து காக்கிறது என்பதால் பிறந்தவுடன் இன்றும் போடுகிறார்கள். ஊசியை அடியோடு மறுத்தது ராஜாஜியின் பிழை. எங்கள் பிள்ளைகளுக்குப் போடுவதற்கு ஆதாரம் என்ன என்று கேட்டது பிழையல்ல.

இன்று கையைப் பிடித்து இழுப்பவர் யாரும் இல்லை. புதன்கிழமை காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் தெரியும். தொடையில் ஊசி போட்டதும் வீறிடும் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டியபடி அம்மா நிற்க, என்ன ஊசி, என்ன செய்யும், அடுத்து எப்போது வர வேண்டும் என்று செவிலியர் சொல்லி அட்டையில் எழுதிக் கொடுக்கிறார். காய்ச்சல் மருந்து தருகிறார், அரை மணி நேரம் இருந்துவிட்டுப் போகச் சொல்கிறார். மிரட்டல் இல்லாமலே தமிழ்நாட்டுத் தாய்மார்கள் வரிசையில் நிற்பதற்குக் காரணம் இந்த இரண்டு நிமிடப் பேச்சும் கிராம சுகாதாரச் செவிலியரின் பழகிய முகமும்தான்.

அந்த நம்பிக்கை எளிதில் உடையும். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசிக்குப் பின் நான்கு குழந்தைகள் இறந்தார்கள். ஊர்களுக்குள் சென்று ஊசி போடுவதையே அரசு நிறுத்தி, சுகாதார நிலையங்களுக்கு மாற்றியது. 2017 பிப்ரவரியில் 9 மாதம் முதல் 15 வயது வரையிலான பிள்ளைகளுக்குத் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போடச் சுகாதாரப் பணியாளர்கள் பள்ளிகளுக்கு வந்தபோது, வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தி அவர்களை முந்திக்கொண்டது. பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பாத பெற்றோர் உண்டு. முகாமை நீட்டிக்க வேண்டியதாயிற்று. அன்று குதிருக்குள் ஒளித்தவர்களின் பயமும் இதே பயம்தான்.

நீதிமன்றங்களும் பேசிவிட்டன. பெற்றோர் சம்மதமில்லாமல் பள்ளிகளில் தட்டம்மை-ரூபெல்லா ஊசியைப் போடக் கூடாது என்று 2019-இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. கொரோனா ஊசி வழக்கில், யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவை வர வேண்டிய தீர்ப்புகள், வரவேற்கிறேன். ஆனால் படித்துக் காட்டாத படிவத்தில் கோடிட்ட இடத்தில் வாங்கும் கையெழுத்து சம்மதம் ஆகாது.

அரசுக்கு ஒரு வேண்டுகோள்: பள்ளி முகாமுக்கு ஒரு வாரம் முன்பே செவிலியரை அனுப்பிப் பெற்றோரைக் கூட்டிப் பேச விடுங்கள். பெற்றோருக்கும் ஒன்று. சந்தேகம் இருந்தால் பிள்ளையை வீட்டில் நிறுத்தாதீர்கள். அட்டையை எடுத்துக்கொண்டு செவிலியரிடம் போய்க் கேளுங்கள்.