விடுமுறைக்கும் ஒரு தாளம் வேண்டும்

கடந்த வாரக் கலந்துரையாடலில் கிள்ளானிலிருந்து தொலைபேசியில் ஒரு தாய் கேட்டார்: "பள்ளி விடுமுறை வந்தாலே எனக்குக் களைப்புதான். பிள்ளையும் டியூஷன், கைப்பேசி என்றே இருக்கிறான். ஓய்வு எங்கே?"

தமிழ்நாட்டில் கோடை வெயிலே 'வீட்டுக்குள் இரு' என்று சொல்லிவிடும். நாமோ பூமத்திய ரேகைக்கு அருகில் வாழ்கிறோம். கோலாலம்பூரில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் அரை மணி நேர வித்தியாசம்கூட இல்லை. பருவம் சொல்லாததை இங்கே ஒவ்வொரு நாளின் சூரியனும் சொல்கிறது.

1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டது. அதனால் சூரியன் ஏழு மணியை ஒட்டி உதிக்கிறது. உச்சிக்கு வர ஏறக்குறைய ஒன்றேகால் ஆகிறது. அதன்பின் நான்கு மணி வரை நல்ல வெக்கை.

ஆகவே, காலை நடைக்கு. பிரிக்பீல்ட்ஸ் குடும்பங்களுக்கு பெர்டானா தாவரவியல் பூங்கா பக்கம்தான். டியூஷன் வேண்டுமென்றால் பத்து மணிக்கு ஒரு மணி நேரம் போதும். மதியம் சாப்பாடு, கதைப் புத்தகம், குட்டித் தூக்கம். மாலையில் உறவுகள்: வாரம் ஒருமுறை கொமுட்டர் ரயிலேறி கிள்ளான் பாட்டியைப் பார்த்து வரலாம். வேலைக்குப் போகும் பெற்றோர் வார இறுதியில் மட்டுமாவது இப்படிச் செய்யலாம்.

அந்தத் தாயிடம் நான் திருப்பிக் கேட்டேன்: "இதில் உங்கள் ஓய்வு எத்தனை மணிக்கு, அக்கா?" சற்று நேரம் பதிலே வரவில்லை.

அட்டவணை போடும்போது முதல் வரியில் அம்மாவின் ஓய்வு நேரத்தை எழுதுங்கள். மற்றவை பிறகு.