வாடிக்கையாளர்க்கு ஒரு வாயில்

பிறருடைய இரகசியங்களைக் கையேற்று நடத்த வேண்டிய தொழில்கள் பல உள. வழக்கறிஞர், மருத்துவர், கணக்காய்வாளர் ஆகியோரின் தொழில்கள் அத்தகையன. இவற்றுள் கணக்காய்வாளரின் அலுவலகத்தை உதாரணமாகக் கொண்டு, அத்தகைய அலுவலகங்கள் இந்நாளில் நாடும் 'வாடிக்கையாளர் போர்ட்டல்' என்னும் மென்பொருளைத் தெரிந்தெடுக்கும் முறையை ஈண்டுச் சிறிது ஆராய்வோம். நம் கல்லூரியினின்று வெளிச்சென்று தொழில் நடத்துவோர்க்கும், இனிச் செல்லவிருக்கும் நமக்கும் இது பயன்படுமென நம்புகின்றோம்.

போர்ட்டல் என்பது யாது? அலுவலகத்துக்கும் வாடிக்கையாளர்க்கும் இடையே இணையத்தில் அமைந்த, பூட்டுள்ள வாயில் எனலாம். வாடிக்கையாளர் அதன்வழி உட்புகுந்து, வங்கிக் கணக்கு விவரம், விற்பனைச் சீட்டு முதலியவற்றைச் சேர்ப்பர். முடிந்த அறிக்கையையும் அங்கேயே பெறுவர். இவ்வாயில் இல்லாவிடத்து, ஒரே கணக்கு விவரம் மின்னஞ்சலில் ஒரு படியும் வாட்ஸ்அப்பில் மற்றொரு படியுமாக வந்து சேரும். திருத்தப்பெற்றது எது என்பது விளங்காது. எழுத்தர் ஒருவர் வேலையை விட்டு நீங்குங்கால், அவருடைய கைப்பேசியோடு பலருடைய வரவுசெலவும் உடன் போய்விடும்.

இது வெறும் சௌகரியக் குறைவு அன்று. வாடிக்கையாளரின் இசைவோ சட்டத்தின் கட்டளையோ இன்றி, தொழில்வழி அறிந்த செய்தியைப் பிறர்க்கு வெளியிடுதல் ஒழுக்கக்கேடு என்பது 1949-ஆம் ஆண்டின் பட்டயக் கணக்காளர் சட்டத்தின் கருத்து. படிப்படியாக நடைமுறைக்கு வரும் வண்ணம் 2023-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தக்க காவல் செய்யாதார்க்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க வகைசெய்துள்ளது. தரவைக் கையாளும் வேலையை வேறொரு நிறுவனத்திடம் ஒப்புவித்தாலும் பொறுப்பு நீங்காது என்பதும் அச்சட்டத்தின் துணிபு. ஆகவே, விலைப்பட்டியலையும் வசதிகளின் எண்ணிக்கையையும் மட்டும் நோக்கித் தெரிந்தெடுத்தல் போதாது.

முதலாவது நோக்கத்தக்கது காவல். கடவுச்சொல்லோடு இரண்டாவது சான்று ஒன்றும் கேட்கப்பட வேண்டும். எழுத்தர் ஒவ்வொருவரும் தமக்குரிய வாடிக்கையாளரின் ஆவணங்களை மட்டுமே காணுதல் வேண்டும். எந்த ஆவணத்தை எவர் எப்பொழுது திறந்தார் என்னும் குறிப்பு அழியாது நிற்றல் வேண்டும். இவையெல்லாம் அமைந்தவிடத்தும் மென்பொருளிலேயே பழுது இருத்தல் கூடும். 2023-ஆம் ஆண்டு மே மாத இறுதியில், மூவ்இட் என்னும் கோப்பு அனுப்பும் மென்பொருளில் இருந்த பழுதொன்றின் வழியாகக் கள்வர் புகுந்தனர். பிரிட்டனில் சம்பளக் கணக்கு நடத்தும் செல்லிஸ் என்னும் நிறுவனம் அதனைப் பயன்படுத்தி வந்தமையால், அதன் வாடிக்கையாளராகிய பி.பி.சி., பிரிட்டிஷ் ஏர்வேஸ் முதலியவற்றின் ஊழியர் விவரங்கள் களவுபோயின. பழுது ஓரிடத்தது, இழப்போ வேறிடத்தது! பழுது கண்டால் எத்துணை விரைவில் அறிவித்துத் திருத்துவர் என்பதை விற்போரிடம் எழுத்தில் பெறுதல் வேண்டும். வேலை முடிந்த ஆவணங்களை வாயிலிலேயே குவித்துவையாது அவ்வப்போது அகற்றுதலும் நன்று. அங்கு இல்லாத பொருளை அங்கிருந்து எவரும் திருடவியலாது அன்றோ?

இரண்டாவது, வாடிக்கையாளரின் எளிமை. நம் கருத்தில் இதுவே தலையாயது. சிறு கடை நடத்துவோர் பலரிடம் கைப்பேசியன்றி வேறு கருவி இல்லை. சீட்டைப் படம்பிடித்து இரண்டொரு தொடுகையில் அனுப்ப இயலாதாயின், அவர் மீண்டும் வாட்ஸ்அப்பையே நாடுவர். பின்னர் வாயிலும் ஒன்று, புறவழியும் ஒன்று என இரண்டாகி, பழைய குழப்பம் பெருகும். எத்துணை வலிய பூட்டாயினும், மக்கள் அவ்வழி வாராராயின் அதனாற் பயன் யாது? மொழியும் கருதத்தக்கது. மேற்கூறிய 2023-ஆம் ஆண்டுச் சட்டம், தரவு பெறுங்கால் தரும் அறிவிப்பை ஆங்கிலத்திலேனும் அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளுள் ஒன்றிலேனும் படித்தறிய வாய்ப்பளித்தல் வேண்டும் என்கின்றது. தமிழ் அவற்றுள் ஒன்றாதலின், தமிழ் எழுத்தைப் பிழையின்றிக் காட்டாத போர்ட்டல் நம்மூர் அலுவலகத்துக்கு ஏலாது.

மூன்றாவது, வெளியேறும் வழி. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி, ஒரு கம்பெனி தன் கணக்குப் புத்தகங்களைக் குறைந்தது 8 நிதியாண்டுகள் காத்தல் வேண்டும். மென்பொருட் சந்தாவோ மாதந்தோறும் புதுப்பிக்கப்படுவது. விற்கும் நிறுவனம் எட்டாண்டு நிலைக்கும் என்பதற்கு உறுதி இல்லை. ஆதலால், கோப்புகள் யாவற்றையும் பெயரும் தேதியும் மாறாது ஒருங்கே எடுத்துக்கொள்ள இயலுமா, சந்தா முடிந்தபின் அதற்கு எத்தனை நாள் தவணை உண்டு என்பவற்றை நுழையுமுன்னரே வினவுதல் அறிவுடைமை.

விலையைப் பற்றி ஒன்றே கூறுவோம். ஊழியர் எண்ணிக்கைப்படி கட்டணம் பெறுவனவும் வாடிக்கையாளர் எண்ணிக்கைப்படி பெறுவனவும் உள. ஊழியர் சிலரும் வாடிக்கையாளர் பலருமாக உள்ள சிறு அலுவலகத்துக்கு முன்னையதே பெரும்பாலும் சிக்கனமாம்.

இவற்றையெல்லாம் காகிதத்தில் ஒப்பிட்டுப் பார்த்தபின் ஒரு சோதனை செய்தல் வேண்டும். வயது முதிர்ந்த வணிகர் ஒருவர் உட்பட வாடிக்கையாளர் ஐவரைத் தெரிந்து, இரண்டு வாரம் அவ்வாயில் வழியே வரச்செய்க. தொலைபேசியில் உதவி கேளாமல் வேலையை முடித்தவர் எத்தனை பேர் என எண்ணுக. விற்போர் காட்டும் அழகிய காட்சிகளினும் அவ்வெண் உண்மையை நன்கு உரைக்கும்.

வாயிலைத் தெரிந்தெடுப்பவர் அலுவலகத்தார். திறந்து கிடப்பின் இழப்பவரோ வாடிக்கையாளர். தெரிந்தெடுக்கும் உரிமை அவரிடம் இல்லாமையால், அவர் நிலையில் நம்மை வைத்து ஆராய்தல் நம் கடமையாகின்றது.