பாட்டு வேண்டாம், பேச்சு வேண்டும்!

கேசட்டைப் போட்டதும் முழுப் பாட்டு ஓடினால் எங்களுக்கு முகம் வாடிவிடும். பாட்டு எங்கும் கிடைக்கிறது! அது முடிந்த பிறகு, பொத்தானை அமுக்க யாரோ ஒருவருடைய விரல் தாமதித்த அந்த ஐந்தாறு விநாடிதான் எங்களுக்குப் புதையல். அன்று ரேடியோவிலிருந்து பாட்டுப் பிடித்தவர்கள், அறிவிப்பாளர் வாயைத் திறந்ததும் பதிவை நிறுத்திவிடுவார்கள். தப்பித்தவறி ஒட்டிக்கொண்ட குரல்களைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறோம்.

சிவகாசியில் நண்பர் ஒருவரின் வீட்டு மாடியறை. சாத்தூர், திருத்தங்கல், விருதுநகர்ப் பரண்களிலிருந்து இறங்கிய கேசட்டுகள் மேசை நிறைய. சிலதில் வெள்ளையாகப் பூஞ்சை; சிலதில் டேப்பை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் குட்டிப் பஞ்சுத் துண்டு உதிர்ந்துவிட்டது. அதை வேறொரு கேசட்டிலிருந்து எடுத்து ஒட்டுகிறோம். அடுத்தது, எனக்கு மிகவும் பிடித்த வேலை. டெக்கின் ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திருகு உண்டு. ஹெட்டின் சாய்வு செட்டுக்குச் செட்டு மாறும் என்பதால், ஒவ்வொரு கேசட்டுக்கும் அதைத் திருப்பிச் சரிபார்க்க வேண்டும். மயிரிழை அளவு திருப்பினால் போதும், போர்வைக்குள்ளிருந்து பேசியது போலிருந்த குரல் பளிச்சென்று எதிரே வந்து நிற்கும்! அந்த நொடியில் அறையில் யாருக்கும் மூச்சே வராது.

இந்தக் கரிசல் பக்கத்துக் கேசட்டுகளுக்குள் இலங்கை வானொலியின் கொழும்புக் குரல்கள் எப்படி வந்தன? 1952-இல் மத்திய அமைச்சரான பி.வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்குக் கதவைச் சாத்தினார். 1957-இல் அங்கேயே சினிமாப் பாட்டுக்கு விவித் பாரதி வருவதற்குள் நேயர்கள் இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள். மத்திய அலை கடல்நீரின்மேல் வெகுதூரம் போகும். மன்னார் வளைகுடா நமக்கு வழிவிட்டது. தீப்பெட்டி ஒட்டிய வீடுகளிலும் தீப்பெட்டி ஆபீஸுக்குக் கிளம்பும் அவசரத்திலும் காலையில் இலங்கை வானொலியின் 'பொங்கும் பூம்புனல்' நிகழ்ச்சி பாடிக்கொண்டிருக்கும். அதன் அறிவிப்பாளர்களில் மயில்வாகனனின் வேகம், ராஜேஸ்வரி சண்முகத்தின் உச்சரிப்பு, 'பாட்டுக்குப் பாட்டு' நடத்திய பி.எச். அப்துல் ஹமீதின் நிதானம், அப்பப்பா! கே.எஸ். ராஜாவோ சினிமா விளம்பரத்தையே ஒரு நிகழ்ச்சியாக்கிக் காட்டியவர். 1994-இல் கொழும்பில் அவரைக் கொன்றுவிட்டார்கள். அவர் முகத்தைப் பார்த்திராத இந்த ஊர்க்காரர்கள் இன்றும் அந்தக் குரலைப் பேசிக்காட்டுகிறார்கள்.

நம் பக்கத்து நிலையத்தையும் சொல்ல வேண்டும். திருநெல்வேலி வானொலி 1963-இல் தொடங்கியது. 'இன்று ஒரு தகவல்' சொல்லித் தமிழ்நாட்டையே சிரிக்கவைத்த தென்கச்சி கோ. சுவாமிநாதன், அதற்கு முன் அங்கேதான் விவசாயிகளுக்கான நிகழ்ச்சிகளில் இருந்தார்.

தேதி எழுதாத கேசட்டின் வயதைக் கண்டுபிடிப்பது தனிக் கொண்டாட்டம். நேயர் விருப்பத்தில் ஊர்ப்பெயர்கள் வரிசையாக வரும் அல்லவா? 'சிவகாசி, ராமநாதபுரம் மாவட்டம்' என்றால் பெரும்பாலும் 1985-க்கு முந்தையது. அந்த ஆண்டு மார்ச்சில்தான் மாவட்டம் பிரிந்தது. 'காமராஜர் மாவட்டம்' என்றால் அதற்குப் பிந்தையது. 1997-இல் தலைவர்களின் பெயர்களை மாவட்டங்களிலிருந்து எடுத்தபோதுதான் விருதுநகர் மாவட்டம் என்று ஆனது. ஒரு கேசட்டில் அறிவிப்பாளர் 'காமராஜர் மாவட்டம்' என்றதும் அறையிலிருந்த நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்திவிட்டோம்!

கோபால் பல்பொடி விளம்பரம், நேரம் சொல்வது, அறிவிப்பாளர் சிரிப்பை அடக்குவது, இடையில் வரும் கரகரப்பு, எதையும் நாங்கள் வெட்டுவதில்லை. கேசட்டின் இரண்டு பக்கமும் முதலிலிருந்து கடைசிவரை அப்படியே கணினியில் ஏறுகிறது. சுத்தம் செய்வதெல்லாம் நகலில்தான். நிலையங்களின் காப்பகத்தில் பெரிய கச்சேரிகளும் தலைவர்களின் உரைகளும் இருக்கலாம். செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஓர் அறிவிப்பாளர் சொன்ன இரண்டு வரிக்கு நம் வீட்டுக் கேசட்டை விட்டால் வேறு இடமில்லை.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பை இருக்கும். அதைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பூஞ்சை பிடித்ததை அப்படியே ஓடவிடாதீர்கள், டேப் அறுந்துவிடலாம். கணினியில் ஏற்றும்போது பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு பேச்சை அழித்துவிடாதீர்கள், தயவுசெய்து!