பழைய புத்தகக் கடையில் எதை வாங்குவது, எதை விடுவது

தமிழில் ஒரு நூல் வெகுகாலமாக ஆயிரம், ஆயிரத்து இருநூறு படிகள்தான் அச்சாகி வந்தது. இப்போது பல பதிப்பகங்கள் இருநூறு முந்நூறு படிகளோடு நிறுத்திக்கொள்கின்றன. அந்த நூல்களில் பெரும்பாலானவை இரண்டாம் பதிப்பைக் காண்பதில்லை. ஆகவே பழைய புத்தகக் கடை பாதி விலைக்குக் கிடைக்கும் இடம் மட்டுமல்ல. பல நூல்களுக்கு அதுதான் கிடைக்கும் ஒரே இடம்.

இந்தக் கடைகளுக்குச் சரக்கு பெரும்பாலும் பழைய பேப்பர் கடைகளிலிருந்து வருகிறது. வீடு மாறும்போதோ, படித்தவர் காலமான பிறகோ அலமாரி மொத்தமும் கிலோ கணக்கில் எடைக்குப் போகும். அந்தக் குவியலிலிருந்து விற்கும் என்று தோன்றுவதை மட்டும் கடைக்காரர் பொறுக்கி எடுப்பார். அவருக்கு உண்மையான வருமானம் பாடநூல், கைடு, போட்டித்தேர்வு நூல்களில்தான், இலக்கியம் ஓரச்சரக்கு. தடிமனையும் அட்டையையும் பார்த்தே பெரும்பாலும் விலை சொல்வதால், அட்டை கிழிந்த மெல்லிய நூல் மலிவாகக் கிடைத்துவிடும். தேடுகிறவருக்கு வாய்ப்பு இருப்பதும் அங்கேதான்.

சென்னையில் இந்த வியாபாரத்தின் தாய்வீடு மூர் மார்க்கெட். 1900-இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடம் 1985-இல் தீக்கிரையானது. அங்கிருந்த கடைகளில் பல சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகே அல்லிக்குளம் வளாகத்துக்கு மாறின. திருவல்லிக்கேணி பாரதி சாலையின் ஞாயிற்றுக்கிழமை நடைபாதைக் கடைகளும் மயிலாப்பூர் லஸ் முனையும் வாசகர்களுக்குப் பழக்கமான இடங்கள்.

கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குக் கோட்டையூர் ரோஜா முத்தையா நல்ல சான்று. விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்தவர் அவர். புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் குப்பையில் போட்டதையும் சேர்த்துவைத்தார். 1992-இல் அவர் மறைந்த பின், 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. அதுவே சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக இயங்குகிறது.

கையில் காசு குறைவு என்றால், எதை வாங்கக் கூடாது என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். பாரதி, கல்கி போன்ற நாட்டுடைமையான எழுத்தாளர்களின் நூல்களைப் பல பதிப்பகங்கள் மலிவாகப் போடுகின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் பழைய நூல்கள் ஏராளமாக இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றின் பழைய படிக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண். இதற்கு ஒரு விலக்கு உண்டு: வீட்டார் வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த தொடர்கதைகள். 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் வந்த பொன்னியின் செல்வனை மணியத்தின் படங்களோடும் அன்றைய விளம்பரங்களோடும் படிப்பது வேறு அனுபவம். வட்டார வரலாறு, பயண நூல், தன்வரலாறு, நின்றுபோன சிற்றிதழ், 1991-க்கு முன் மாஸ்கோவில் அச்சான தமிழ் மொழிபெயர்ப்பு ஆகியவற்றைக் கண்டால் விடக் கூடாது.

வாங்குமுன் பக்கங்களைப் பார்க்க வேண்டும். பழைய நூல்கள் பெரும்பாலும் பதினாறு பக்கம் கொண்ட பாரங்களாகத் தைக்கப்பட்டவை. ஒவ்வொரு பாரத்தின் முதல் பக்கத்து அடியிலும் சிறிய எழுத்தில் ஓர் எண் இருக்கும். அந்த வரிசை விட்டுப்போயிருந்தால் கதையின் நடுவில் பதினாறு பக்கம் காணாது. நூலக முத்திரை இருந்து, நீக்கியதற்கான முத்திரை இல்லையென்றால் அந்தப் படியை வாங்காமல் விடுவதே நேர்மை. ஆண்டு அச்சிடப்படாத நூலில் லை, னை முதலியவை தும்பிக்கை போட்ட பழைய வடிவில் இருந்தால், எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்த 1978-க்கு முந்தையதாக இருக்கலாம். சில அச்சகங்கள் அதன் பிறகும் பழைய அச்சுகளையே வைத்திருந்ததால் உறுதியாகச் சொல்ல முடியாது. திருவள்ளுவர் ஆண்டு மட்டும் போட்டிருந்தால் 31-ஐக் கழித்துக்கொள்ளலாம்.

வாங்கி வந்ததை நேரே அலமாரியில் வைக்கக் கூடாது. சில நாள் தனியே வைத்து, தட்டி, தூசி துடைத்து, ராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிழிசலுக்கு செலோடேப் ஒட்டினால் சில ஆண்டுகளில் பசை பழுத்து எழுத்தையும் கெடுத்துவிடும். மைதா பசையில் மயில்துத்தம் கலப்பது பைண்டர்களின் பழைய வழக்கம். பூச்சி அண்டாது, ஆனால் அது நஞ்சு என்பதால் கையாள்வதில் கவனம் தேவை. தாள் பழுப்பாவதை மட்டும் தடுக்க முடியாது. மரக்கூழில் உள்ள லிக்னினும் அமிலமுமே அதற்குக் காரணம். வெயில் படாமல் வைத்தால் வேகம் குறையும்.

இடம் நிறைந்த பிறகு எதை யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வி வரும். நாவல்களும் சிறுவர் நூல்களும் பள்ளிகளுக்கும் கிளை நூலகங்களுக்கும் பயன்படும். காலாவதியான கைடுகளைத் தள்ளிவிடுவது அவற்றுக்குச் சுமை. சிறைகளுக்கும் கொடுக்கலாம்: 2023-இல் சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைத்துறையே அரங்கு அமைத்துக் கைதிகளுக்காகப் புத்தகம் திரட்டியது. மறுபதிப்பு இல்லாத நூலையும் இதழ்த் தொகுப்பையும் ஆய்வு நூலகத்தில் கேட்டுப் பார்த்த பிறகே பிறருக்குக் கொடுக்கலாம். மிச்சம் கடைக்கே திரும்பட்டும்: வாங்கிய நூலை நல்ல நிலையில் கொண்டுவந்தால் ஒரு பகுதி விலையைக் கழித்துக்கொண்டு வேறு நூல் தரும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள், முதல் நாளே கேட்டுவைத்துக்கொண்டால்.