பறை, தவில் ரெக்கார்டிங்கில் 'கரகர' சத்தமா? வீட்டிலேயே சரிசெய்வது எப்படி?

கோயில் திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ வாத்தியக் குழு தேடுபவர்கள் இப்போது முதலில் கேட்பது, "ஒரு வீடியோ அனுப்புங்க" என்பதைத்தான். காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கையோ, உத்திரமேரூர் பக்கத்துக் கிராமமோ, பறை, தவில், பம்பை வாசிக்கும் இளைஞர்களுக்கு செல்போன் வீடியோதான் விசிட்டிங் கார்டு.

ஆனால் நேரில் நெஞ்சு அதிரக் கேட்ட அடி, போனில் கேட்டால் கிழிந்த ஸ்பீக்கர் போல 'கரகர' என்கிறது. வாசித்தவர் மீது தப்பில்லை. பெரும்பாலும் போனும் கெட்டுப்போகவில்லை. அப்புறம் ஏன் இப்படி?

ஒலி ஏன் கிழிகிறது?

மைக்குக்குள் போகும் ஒலி, எண்களாக மாற்றப்பட்டுத்தான் பதிவாகிறது. சாதாரண 16 பிட் பதிவில் அந்த எண் அதிகபட்சம் 32,767 வரைதான் போகும். அதற்கு மேல் வரும் ஒலிக்கு இடமே கிடையாது. அலையின் உச்சி கத்தியால் சீவியது போல தட்டையாகிவிடும். இதைத்தான் 'கிளிப்பிங்' என்கிறார்கள். காதுக்கு அது 'கரகர' என்று கேட்கிறது.

தோல் வாத்தியத்தில் இந்தச் சிக்கல் அதிகம். பாட்டு, பேச்சு எல்லாம் மெல்ல ஏறி இறங்கும். அடி அப்படியில்லை, கண்ணிமைக்கும் நேரத்தில் உச்சத்துக்குப் போய்விடும்.

இன்னொரு காரணமும் உண்டு. போன் மைக் பேச்சுக்காக அமைக்கப்பட்டது. அமைதியாக இருக்கும்போது போன் தானாகவே ஒலி அளவை ஏற்றி வைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் முதல் அடி விழுந்தால் அப்படியே கிழியும். பிறகு போன் சட்டென்று ஒலியைக் குறைக்கும். ஒரே வாசிப்பில் சத்தம் ஏறி ஏறி இறங்குவது இதனால்தான்.

தப்பு எங்கே? 3 சோதனைகள்

1. அதே பதிவை நல்ல ஹெட்போனில் கேளுங்கள். அதில் சுத்தமாக இருந்தால் பதிவு சரி, போன் ஸ்பீக்கர்தான் தாங்கவில்லை.

2. 'ஆடாசிட்டி' போன்ற இலவச மென்பொருளில் திறந்து பாருங்கள். அலைகள் மேல் விளிம்பை முட்டி தட்டையாக இருந்தால், பதிவு அளவு அதிகம்.

3. அலை மேல் விளிம்பைத் தொடவே இல்லை, ஆனாலும் கரகரப்பு இருக்கிறதா? அப்படியானால் மைக்கே தாங்கவில்லை என்று சந்தேகப்படலாம். இதற்கு ஆப்பில் அளவைக் குறைத்துப் பயனில்லை. கிழிந்த ஒலிதான் சின்னதாகப் பதிவாகும்.

என்ன செய்யலாம்?

* முதல் மருந்து தூரம். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். 1 மீட்டரில் வைத்த போனை 4 மீட்டருக்குத் தள்ளினால் சுமார் 12 டெசிபல் குறைவு. அறைக்குள் எதிரொலி இருப்பதால் இவ்வளவு குறையாது. 1925-க்கு முன்பு மைக் இல்லாமல் குழல் வழியாக இசைத்தட்டு பதிவு செய்த காலத்திலும் டிரம் வாசிப்பவரைத் தள்ளித்தான் நிறுத்தினார்கள்.

* 'கெய்ன்' அல்லது மைக் அளவை நாமே மாற்றும் வசதி உள்ள ஆப்பைப் பயன்படுத்துங்கள். தானாக ஏற்றி இறக்கும் வசதியை அணைத்துவிடுங்கள்.

* சோதனைப் பதிவில் மெதுவான ஆரம்பத்தை வாசிக்காதீர்கள். உச்சக்கட்ட அடியை வாசியுங்கள். மீட்டர் மைனஸ் 12 முதல் மைனஸ் 6 டெசிபலுக்குள் நிற்க வேண்டும். பூஜ்ஜியத்தைத் தொடவே கூடாது. சத்தம் குறைவாகத் தோன்றினால் பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

* பறையைத் தீயில் காய்ச்சிய பிறகே அளவை அமையுங்கள். காய்ச்சியதும் தோல் இறுகி ஒலி கூர்மையாகும். தளர்ந்த பறைக்கு வைத்த அளவு அப்போது பொருந்தாது.

* மைக்கைத் தோலுக்கு நேர் எதிரே வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள். தவில் என்றால் இரண்டு பக்கமும் சமமாகக் கேட்கும்படி முன்னால் தள்ளி வைக்கலாம்.

* மைக் வாங்குவதாக இருந்தால், பலத்த ஒலியைத் தாங்கும் 'டைனமிக்' வகை நல்லது. அதை போனில் நேரடியாகச் செருக முடியாது. இடையில் ஆடியோ இன்டர்ஃபேஸ் தேவை.

அறையும் ஒரு வாத்தியம்தான்

டைல்ஸ் தரை, வெறும் சுவர், சின்ன ஹால். இங்கே அடித்தால் ஒலி சுவரில் மோதித் திரும்பி குழம்பும். இது கிளிப்பிங் அல்ல, ஆனால் கேட்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். தரையில் பாய், ஜமுக்காளம் விரியுங்கள். சுவரோரம் மெத்தை, போர்வை தொங்கவிடுங்கள். மூலையில் உட்கார்ந்து வாசிக்க வேண்டாம், அங்கே அடி ஒலி வீங்கும். மொட்டை மாடி இன்னும் நல்லது. ஆனால் 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் வாசிக்கக் கட்டுப்பாடு உண்டு.

ஏற்கெனவே கிழிந்த பதிவைக் காப்பாற்ற முடியுமா?

ஓரளவுக்குத்தான். ஆடாசிட்டியில் 'கிளிப் ஃபிக்ஸ்' என்ற வசதி, வெட்டுப்பட்ட உச்சியை யூகித்து நிரப்பும். ஒன்றிரண்டு அடிகளுக்கு உதவும். முழுப் பதிவும் கிழிந்திருந்தால் பெரிதாகப் பயன் இருக்காது. குடத்தில் வழிந்த தண்ணீரைத் திரும்ப அள்ள முடியாது, இதுவும் அப்படித்தான்.

பதிவு நன்றாக வந்தால், வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு தரம் குறையும்.

ஏன் இவ்வளவு மெனக்கெடணும்?

2025-ல் பறை இசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அதே நேரம், ஊர் ஊராக இருக்கும் மூத்த ஆசான்களின் அடவுகள் பல, எழுத்தில் இல்லாமல் கையிலும் காதிலும்தான் இருக்கின்றன. நமக்கு வீடியோ சரியாக வரவில்லை என்றால் நாளைக்கு இன்னொன்று எடுத்துவிடலாம். எழுபது வயது ஆசானிடம் அதே வேகத்தில் இன்னொரு முறை கேட்க முடியாது. அவர் குச்சியைக் கையில் எடுப்பதற்கு முன் ஒரு நிமிடம் மீட்டரைப் பார்த்துவிடுங்கள்.